மயில் நீல நாற்காலிகள்

நாற்காலிகளுக்குத் தானே பெயிண்ட் அடித்துவிடுவது என்று நஞ்சுண்டன் முடிவு செய்தபோது வீட்டில் அவர் மனைவி இல்லை. இருந்திருந்தால் காபி ஆறுவதற்குள் அந்த முடிவும் ஆறிப்போயிருக்கும்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். வருகிற ஒவ்வொரு உருப்படியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே குறை என்று கண்டுபிடித்து, சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவதுதான் வேலை. அந்த முப்பத்தொரு வருஷத்தில் அவராக ஒரு பொருளைச் செய்தது கிடையாது. அதனாலேயே எதையும் செய்துவிட முடியும் என்ற நம்பிக்கை அவருக்குச் சேதாரமில்லாமல் இருந்தது.

சரவணம்பட்டியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு தேக்கு நாற்காலிகள் உண்டு. உட்காரும் இடமும் சாய்மானமும் வரிசையாகச் சட்டம் வைத்து இழைத்தவை. அவர் மனைவி அன்புச்செல்வி கல்யாணமாகிப் பிறந்த ஊரான கோபியிலிருந்து வந்தபோது கூடவே லாரியில் வந்தவை. ஆளும் சரி, நாற்காலியும் சரி, இத்தனை வருஷத்தில் ஆட்டம் கண்டதில்லை. நாற்காலியில் பாலீஷ் மட்டும் மங்கியிருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து சம்பந்தம் பேச வருகிறார்கள். மகள் லோகப்பிரியாவும் நிதீஷ் என்ற பையனும் பெங்களூரில் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதுதான் பாக்கி. பையனின் அப்பா கதிர்வேலுக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. எதையும் ஒரு தடவை மோந்து பார்த்தே தரம் சொல்லிவிடுவார் என்று கேள்வி. நஞ்சுண்டனுக்கு அந்த மூக்கின் மேல் ஏற்கெனவே ஒரு பயம் இருந்தது.

அன்புச்செல்வி அதற்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் புதன்கிழமை கோபிக்குக் கிளம்பினாள். அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. சனிக்கிழமை மதியம் திரும்பிவிடுவாள். வியாழக்கிழமை பாலீஷ்காரர் பீர் முகம்மது வருவார், நாற்காலியை எடுத்து வெளியே போட்டுக் கொடுத்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனாள். போதும் என்ற சொல்லை அவள் இரண்டு தடவை சொன்னதை நஞ்சுண்டன் கவனித்தார். கவனித்து, மனசுக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பாட்டுப் பாடிக்கொண்டே, ஒரு கிழட்டு மேஜைக்கு நீல நிறம் அடித்தாள். ஆறே நிமிஷம். மேஜை பதினாறு வயசுக் குமரி மாதிரி ஆகிவிட்டது. நஞ்சுண்டன் அதை மூன்று தடவை பார்த்தார். பார்த்துவிட்டுக் கூடத்து நாற்காலிகளைப் பார்த்தார். அவை அவரைப் பார்த்து, எங்களை விட்டுவிடு என்று சொல்வதுபோல இருந்திருக்கும். அவர் கண்ணில் அது படவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பீர் முகம்மது வந்தார். பதினைந்து வருஷமாக அந்த வீட்டு மரச்சாமானுக்கெல்லாம் அவர் கைதான். நஞ்சுண்டன் வாசலிலேயே மறித்து, பாலீஷெல்லாம் பழைய காலம், இப்போது எல்லாரும் பெயிண்டுக்கு மாறிவிட்டார்கள், அதையும் வீட்டுக்காரர்களே அடித்துக்கொள்கிறார்கள் என்று விளக்கினார். பாய் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு நாற்காலிக் கையை விரலால் தடவினார்.

"தேக்குங்க ஐயா. மேல மெழுகு கிடக்குது. தேய்க்காம அடிச்சா நிக்காதுங்க. மழை நாள் வேற."

"எல்லாம் எனக்குத் தெரியுமுங்க பாய்," என்றார் நஞ்சுண்டன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் பாய் கேட்டார். சொல்லியாயிற்று என்றார் நஞ்சுண்டன். அது அன்றைக்கு முதல் பொய். பாய் தன் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெயிண்ட் கடையில் கலர் அட்டையைப் புரட்டி 'மயில் நீலம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரர் தேய்க்க உப்புத்தாள் வேண்டுமா, அடிப்பூச்சுக்குப் பிரைமர் வேண்டுமா, முதல் கோட்டு காய ஒரு நாள் விடுவீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். விற்பனைக்காகக் கேட்கிற கேள்விகள் என்று நஞ்சுண்டன் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். ஒரு டப்பா, ஒரு பிரஷ். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அடித்தபோது மயிலைக் காணோம். பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக் கதவுக்கு அடிக்கிற நீலம் இருக்கிறதே, அதுதான் வந்தது. ஒரு கோட்டில் தெளியாது, இன்னொரு கோட்டில் மயில் வந்துவிடும் என்று அது காய்வதற்குள் இரண்டாவது அடித்தார். வரவில்லை. மூன்றாவதும் அடித்தார். மூன்று கோட்டு போட்டு, மூன்றிலும் கோட்டை விட்டார். சட்டங்களுக்கு நடுவே பெயிண்ட் கண்ணீராக ஒழுகி நின்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் அன்புச்செல்வி போன் செய்தாள். பாய் வந்தாரா என்று கேட்டாள். வந்தார் என்றார். அது உண்மைதான். வேலை முடிந்ததா என்றாள். முடிந்தது என்றார். அதுவும் ஒரு விதத்தில் உண்மைதான்.

"மதியம் சாப்பிட்டாருங்களா?"

"சாப்பிட்டாரு. ரசம் ஊத்தி ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு."

"ரசம் வெச்சீங்களா?"

நஞ்சுண்டனுக்கு ரசம் வைக்கத் தெரியாது. மோர் என்பதைத்தான் ரசம் என்று சொல்லிவிட்டதாகத் திருத்தினார். பாய் எப்போதும் கையோடு சோறு கொண்டுவருவாரே என்று அவள் கேட்டாள். இன்றைக்கு மறந்துவிட்டார், வயசாகிறது பாவம் என்றார். சரிங்க, நீங்க சாப்பிட்டுப் படுங்க என்று அவள் போனை வைத்துவிட்டாள். நம்பிவிட்டாள் என்று நஞ்சுண்டன் நினைத்துக்கொண்டார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் சிலருக்குச் சில விஷயம் பிடிபடுவதில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க நாற்காலிகள் காயவில்லை. ஃபேனைப் போட்டார். மகளுடைய முடி காயவைக்கும் மிஷினைத் தேடி எடுத்து ஒவ்வொரு சட்டமாகக் காட்டினார். பெயிண்ட் இளகி இன்னும் பளபளப்பானதுதான் மிச்சம். ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. எழுந்து போக அதனால் முடியவில்லை. அதை நகத்தால் எடுக்கப் போய் விரல் பதிந்து, பதிந்ததை மறைக்க மறுபடி பிரஷ்.

சனிக்கிழமை மதியம் அன்புச்செல்வி பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலிகளின் முன்னால் நின்றாள். நஞ்சுண்டன் கதவோரமாக நின்றார். அவள் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். விரல் நீலமாகத் திரும்பி வந்தது.

"பாய்ங்களா இப்புடி அடிச்சாரு?"

அந்த இடத்தில் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ரசம் வரைக்கும் போனவருக்குத் திரும்பிவர வழி தெரியவில்லை. ஆமாம் என்றார். தான் எவ்வளவோ தடுத்ததாகவும், பாய் கேட்கவில்லை என்றும், பாலீஷெல்லாம் பழைய காலம் என்று பாய்தான் தன்னிடம் வாதாடினார் என்றும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே காது சுட்டது. அவள் அமைதியாக, அப்படீங்களா, பாயை நான் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்றாள்.

"வேண்டாம் செல்வி, விட்டுரு. வயசான மனுசன். நான் மன்னிச்சுப்போட்டேன்."

செய்யாத தப்புக்கு ஒரு மனிதரை மன்னித்த அந்தப் பெருந்தன்மையை நினைத்து அன்றைக்கு அவரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. பாய் நாற்காலிக் கையைத் தடவிய விதம் கண்ணிலேயே நின்றது.

அன்புச்செல்வி சத்தம் போடவில்லை. நான்கு நாற்காலிகளையும் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னாள். பக்கத்து வீட்டு நஞ்சம்மாவிடம் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வைத்திருந்தாள். சோஃபாவும் இருக்கிறது, போதும் என்றாள். மறுபடியும் அந்தப் போதும்.

ஞாயிறு காலை லோகப்பிரியா பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். வீடு கேசரி வாசனையில் இருந்தது. நஞ்சுண்டன் மட்டும் பின்பக்கம் போய் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நாள் உழைப்பு. பிளாஸ்டிக் நாற்காலியில் சம்பந்தி உட்காருவதா என்று மனசு கேட்கவில்லை. இருப்பதில் கொஞ்சம் சுமாரான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முகப்பவுடரை எடுத்து அதன்மேல் நன்றாகத் தூவித் துடைத்தார். உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஒட்டவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் பாஸ். யாரும் பார்க்காதபோது அதைக் கொண்டுவந்து கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே போட்டார்.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. கதிர்வேல் நல்ல ஆகிருதி. சலவை மடிப்பு கலையாத வெள்ளை வேட்டி. கூட அவர் சம்சாரம் சென்னியம்மாள், பையன் நிதீஷ். சென்னியம்மாளும் பையனும் சோஃபாவில் உட்கார, கதிர்வேலும் அங்கேதான் போகப்போனார். நஞ்சுண்டன் பாய்ந்து போய்க் கையைப் பிடித்து, காத்து இங்கே நல்லா வருமுங்க என்று நீல நாற்காலியில் உட்கார வைத்தார். சமையலறை வாசலில் அன்புச்செல்வி அதைப் பார்த்துவிட்டாள். ஆனால் கதிர்வேல் உட்கார்ந்து முடித்திருந்தார்.

மழை நின்றுவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். ஈரோட்டு வெயிலைப் பற்றிப் பேசினார்கள். நஞ்சுண்டனின் உள்ளங்கைக்கும் கதிர்வேலின் கனத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பதைப் பெயிண்ட் அந்தக் கால் மணி நேரத்தில் நிதானமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. லோகப்பிரியா காபித் தட்டோடு வந்தாள். வா கண்ணு என்று சொல்லி, மரியாதைக்காகக் கதிர்வேல் கொஞ்சம் எழுந்தார்.

நாற்காலியும் எழுந்தது.

இரண்டு குடும்பமும் ஒட்ட வேண்டும் என்றுதான் நஞ்சுண்டன் மருதமலை முருகனிடம் வேண்டியிருந்தார். ஒட்டியது வேட்டி.

நிதீஷ் ஒருபக்கம் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, கதிர்வேல் இடுப்பில் வேட்டியைப் பிடித்துக்கொள்ள, தோலை உரிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு இரண்டும் பிரிந்தன. வேட்டியின் பின்புறம் ஆறு நீலக் கோடுகள், ஸ்கேல் வைத்துப் போட்டது போல. சென்னியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நஞ்சுண்டனுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. தரை பிளக்காததால் வாசல் வழியாகப் போனார். பெயிண்டைப் போக்க டர்பன்டைன் வாங்கி வாரேனுங்க, ஒரு நிமிஷம் என்று செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை. முதல் கடை சாத்தியிருந்தது. இரண்டாவது கடையும் சாத்தியிருந்தது. மூன்றாவது கடைக்கு ஈரத் தார் ரோட்டில் வெறுங்காலோடு போனபோது, இந்தச் சம்பந்தம் போய்விட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை.

அரை மணி கழித்துப் பாட்டிலோடு திரும்பினார். யாரும் கிளம்பிப் போயிருக்கவில்லை. கதிர்வேல் நஞ்சுண்டனுடைய வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு சோஃபாவில் இருந்தார். எல்லார் கையிலும் கேசரி. எல்லார் முகமும் கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிற மாதிரி அடக்கமாக இருந்தது. அந்த அடக்கம் அவரை இன்னும் பயமுறுத்தியது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

கதிர்வேல் தொண்டையைக் கனைத்தார். "ஏனுங்க, இதுக்குப் பெயிண்ட் அடிச்ச ஆளு யாருங்க?"

"அது வந்துங்க, பீர் முகம்மதுன்னு ஒருத்தரு…"

"பாய் இல்லீங்க," என்றாள் அன்புச்செல்வி. "பாய் வேலை சுத்தமா இருக்கும். அவரு வந்தாரு. வேண்டாம்னு திருப்பி அனுப்பிப்போட்டாங்க. இது வேற ஆளு."

நஞ்சுண்டன் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். இவளுக்கு எப்படித் தெரியும்? பாய் போன் செய்திருக்கிறார். என்றைக்கு? ரசத்துக்கு முன்னாலா, பின்னாலா? ஆனாலும் அவள் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது புரிந்தது. வேறு ஆளு என்கிறாள். கட்டிக்கொண்டவரின் மானத்தைக் காப்பாற்றுகிறாள். நன்றியில் அவருக்குக் கண் கலங்கியது.

"உள்ளூர் ஆளுங்களா?" என்றார் கதிர்வேல்.

"இந்தத் தெருதானுங்க," என்றாள் அன்புச்செல்வி.

"வேலை பழக்கமுண்டுங்களா?"

"எதுவும் பழக்கமில்லீங்க. ஆனா எல்லாம் தெரியும்பாரு."

எல்லாரும் நஞ்சுண்டனைப் பார்த்தார்கள். ஆமாங்க என்று தலையாட்டினார். வேறு வழியில்லை.

சென்னியம்மாள் பரிவோடு கேட்டாள். "ஏனுங்கண்ணா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா அந்த ஆளுக்கு?"

"சொன்னேனுங்க," என்றார் நஞ்சுண்டன். "நான் சொன்னாலும் கேக்கறதில்லீங்க."

நிதீஷுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து, குடிப்பழக்கம் ஏதாவது இருக்குமுங்களா அங்கிள் என்று மரியாதையாகக் கேட்டான். நஞ்சுண்டனுக்கு அது மட்டும் பொறுக்கவில்லை. அதெல்லாம் கிடையாதுங்க, யோக்கியமான மனுசன் என்றார்.

"அது கிடையாதுங்க," என்று அன்புச்செல்வியும் ஒத்துக்கொண்டாள். "தெளிவா இருந்துதான் இப்புடிப் பண்ணுவாரு."

லோகப்பிரியா தலை குனிந்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. குழந்தை அவமானத்தில் அழுகிறாள் என்று நஞ்சுண்டன் நினைத்தார். அவள் நிமிராமலே கேட்டாள். "அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இல்லீங்களாப்பா?"

"இருக்கறாங்க கண்ணு."

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

நஞ்சுண்டன் மனைவியைப் பார்த்தார். அவள் கேசரிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொறுமையானவங்க," என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் கலப்படமில்லாத உண்மை அதுதான்.

அதற்குமேல் யாரும் பெயிண்டரைப் பற்றிப் பேசவில்லை. பேச்சு ஜாதகத்துக்குப் போனது, மண்டபத்துக்குப் போனது. தீபாவளி கழித்து வரும் முகூர்த்தத்தில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று கதிர்வேலே வாய்விட்டுச் சொன்னார். போகும்போது நஞ்சுண்டனின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, வேட்டியை அடுத்த தடவை வரும்போது தருகிறேன் என்றார். கார் தெரு முனை திரும்பும் வரைக்கும் உள்ளே எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து குலுங்கியது நஞ்சுண்டனுக்குத் தெரிந்தது. ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டார்.

லோகப்பிரியா துணி மாற்றப் போனதும் அவர் சமையலறைக்குப் போனார். அன்புச்செல்வி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு துணியை எடுத்துக் கழுவிய தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். வழக்கமில்லாத வேலை என்பதால் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"செல்வி, அடிச்சது நான்தான்."

"தெரியுமுங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கே பாய் போன் பண்ணிப்போட்டாரு. மெழுகு மேல அடிக்கற பெயிண்டு, சுரண்டுனா வந்துரும், ஆசைக்கு அடிக்கட்டும்னு நான்தான் சொன்னேன். நாளைக்குச் சுரண்டறதுக்கு வாரேன்னு சொல்லியிருக்கறாரு."

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஏற்கெனவே காய்ந்த தட்டு அது. பெயிண்டைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை, நாற்காலியைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லை. பாயின் மேல் பழியைப் போட்டதுதான் உள்ளே கிடந்து அறுத்தது. அதையும் சொன்னார். நாளைக்கு அவர் வந்ததும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்கிறேன், கூடவே உட்கார்ந்து நானும் சுரண்டுகிறேன் என்றார். அவள் முகம் கொஞ்சம் இளகியது. அந்தத் தட்டை அவர் கையிலிருந்து வாங்கி அடுக்கில் வைத்தாள்.

அவருக்குத் தைரியம் வந்தது. "ஆனா ஒண்ணு. அத்தனை பேருக்கு முன்னால என்னைக் காட்டிக்கொடுக்காம, வேற ஆளுன்னு சொல்லிக் காப்பாத்திப்போட்டயே. அதை நான் மறக்கமாட்டேன்."

அன்புச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு அப்பவே எல்லாம் தெரியுமுங்க. நீங்க டர்பன்டைன் வாங்க ஓடுனப்பதான் யாரு எந்தக் கேள்வி கேக்கறதுன்னு பிரிச்சுக்கிட்டோம். இன்னும் நாலு கேள்வி மிச்சமிருக்குது, அதை நிச்சயத்தன்னிக்குக் கேட்டுக்கறோம்னு சொல்லிட்டுப் போயிருக்கறாங்க."